அண்ணன் ஊசி சிவப்பு, தம்பி ஊசி நீலம்

நீங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது என் தோள்பையைத் தொடக்கூடாது என்று உங்கள் அம்மா கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தாள். ஸ்ரீராம்புரம் வீட்டில் கதவுக்குப் பின்னால், உங்கள் கைக்கு எட்டாத ஆணியில் அது தொங்கும். உள்ளே என்ன என்று கேட்டால் அப்பாவோட ஆபீஸ் சாமான் என்பாள். பெரியவள் அதை வைத்துக்கொண்டு, எங்கப்பா டாக்டர் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டு வந்தாள். டாக்டர் இல்லை. போதை மருந்தை நரம்பில் ஏற்றிக்கொள்கிறவர்களுக்குப் புது ஊசி கொடுக்கிற வேலை எனக்கு. அந்தப் பையில் இருந்ததெல்லாம் கவர் பிரிக்காத ஊசியும், பஞ்சும், சின்னக் குப்பியில் சுத்தமான தண்ணீரும்தான். பழையது எதையும் நான் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. ஆனாலும் உங்கள் அம்மா பயந்தாள். வாசலிலேயே சோப்புப் போட்டுக் கை கழுவ வைத்துவிட்டுத்தான் உள்ளே விடுவாள்.

இப்போது நீங்கள் பெரியவர்களாகிவிட்டீர்கள். சொல்லலாம். சொல்லவில்லை என்றால் அந்த இரண்டு பேரும் என்னோடேயே போய்விடுவார்கள்.

கோலார் தங்கவயலில் சுரங்க வேலை ஓய்ந்துகொண்டே வந்த நாட்களில் நான் பெங்களூர் வந்தேன். படிப்பு ஒன்பதாவது. மூட்டை தூக்கினேன், வாட்ச்மேனாக இருந்தேன், கடைசியில் ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பழைய ஓட்டு வீட்டில் நடந்த சின்ன தர்ம ஸ்தாபனத்தில் பியூனாகச் சேர்ந்தேன். சென்டர் என்றுதான் எல்லோரும் சொல்வோம். தமிழும் கன்னடமும் வரும், உருது ஒப்பேற்றுவேன், சிவாஜிநகர் சந்து பொந்தெல்லாம் தெரியும் என்பதால் என்னையே வெளியே போய் ஊசி கொடுக்கிற ஆளாக்கிவிட்டார்கள்.

முதலில் எனக்கு மனசு ஒப்பவில்லை. குடிகாரனுக்கு நாமே கிளாஸ் கழுவிக் கொடுக்கிற மாதிரி இல்லையா என்று அங்கே இருந்த டாக்டரம்மாவிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. நாம் கொடுக்காவிட்டாலும் அவர்கள் போட்டுக்கொள்ளத்தான் போகிறார்கள், ஒரே ஊசியை நாலு பேர் மாற்றி மாற்றிப் போடுவார்கள், ஒருத்தன் ரத்தத்தில் இருக்கிற எய்ட்ஸ் கிருமி அடுத்தவனுக்குப் போகும் என்றார். "விடுறதுக்கு வழி இருக்கு. ஆனா அதுவரைக்கும் உயிரோட இருக்கணும் இல்லையா?" என்றார். மறுநாளே பையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

பழசைக் கொடுத்தால் புதுசு. அதுதான் முறை. பேக்கரியிலிருந்து வாங்கின ரஸ்க் டப்பாவின் மூடியில் ஓட்டை போட்டு வைத்திருந்தோம். பழைய ஊசியை அவரவர் தன் கையாலேயே அதற்குள் போடவேண்டும். நாங்கள் தொடக்கூடாது, யாரிடமிருந்தும் வாங்கக்கூடாது. காலையில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், பழைய வண்டிகளைப் பிரித்துப் போடுகிற சந்தில், ஒரு மதிலோரம் போய் உட்காருவேன். எதிரே கோழிக்கடை பாய், "வந்துட்டாரு பாரு டாக்டரு, என் கோழிக்கும் ஒண்ணு போடுங்க" என்பார். ஒரு போலீஸ்காரர் டப்பாவை லத்தியால் தட்டி, நீயே கொடுத்துக் கெடுக்கிறாயா என்று கன்னடத்தில் கேட்டார்.  பிறகு டாக்டரம்மா ஸ்டேஷனுக்குப் போய்ப் பேசி வந்தார்.

அந்தச் சந்தில்தான் அண்ணன் தம்பி இரண்டு பேரும் வேலை செய்தார்கள். வண்டி கழட்டுகிற வேலை. பெரியவன் ஒல்லி, எப்போதும் இருமல். மதிலில் சாய்ந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்து இருமிக்கொண்டே கிண்டல் செய்வான். என்னைக் கம்பவுண்டரே என்றுதான் கூப்பிடுவான். சின்னவன் கட்டை குட்டையாக இருப்பான், பேச்சு குறைவு. அம்மா செத்தபிறகு இவனைத் தூக்கி வளர்த்தவன் அண்ணன்தான். ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். அண்ணன் தின்றுவிட்டுக் கடைசிக் கவளத்தை வைப்பான், அது தம்பிக்கு. ஊசியிலும் அதே வழக்கம் வந்துவிட்டது. அண்ணன் தனக்குப் போட்டுக்கொண்டு, மிச்சத்தை அதே ஊசியோடு தம்பியிடம் நீட்டுவான்.

அண்ணனின் இருமல் நிற்காமல் போகவே இரண்டு பேரையும் சென்டருக்கு அழைத்துப் போனேன். ரத்தம் எடுத்தார்கள். அண்ணனுக்கு அந்தக் கிருமி இருந்தது. தம்பிக்கு இல்லை. எப்படித் தப்பினான் என்று டாக்டரம்மாவுக்கே ஆச்சரியம்.

வெளியே வந்தோம். தம்பி டீ சொல்லப் போனபோது அண்ணன் என் பக்கம் திரும்பினான்.

"கம்பவுண்டரே, என்னோடது அவனுக்குப் போவக்கூடாது. நானும் பாத்துக்குறேன். நீயும் பாத்துக்க."

சரி என்றேன்.

வண்டி கழட்டுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு வண்டியின் சாமான் இன்னொரு வண்டியோடு கலந்துவிடாமல் இருக்க, பழைய ஒயரின் தோலைச் சின்ன வளையமாக வெட்டி ஒவ்வொரு சாமானிலும் மாட்டுவார்கள். இந்த வண்டிக்குப் பச்சை, அந்த வண்டிக்கு மஞ்சள் என்று. அண்ணன் அதையே ஊசிக்கும் செய்தான். நான் கொடுத்ததும் கவரைப் பிரித்துத் தன்னுடையதில் சிவப்பு வளையம், தம்பியுடையதில் நீல வளையம் மாட்டுவான். அந்தச் சந்திலேயே எங்கள் புத்தகப் பேச்சையெல்லாம் விட இது நன்றாக வேலை செய்தது.

தம்பிக்குத்தான் பிடிக்கவில்லை. "ஒரே வயித்துல பொறந்தவங்க, ரத்தம் ஒண்ணுதானே? இவன் ரத்தம் எனக்கு இன்னா செய்யும்?" என்று என்னிடம் வாதாடினான். இருமலுக்கு நடுவில் அண்ணன், "ரத்தம் ஒண்ணுன்னா என் மூளை உனுக்கு ஏன்டா வரல?" என்றான். சந்தே சிரித்தது. தம்பி சிரிக்கவில்லை. "தனிப் பந்தி போட்டுட்டான்ணே எனக்கு" என்று என் காதருகில் சொல்லிவிட்டுப் போனான்.

நீல வளையமும் சிவப்பு வளையமுமாக ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. சென்டரில் டப்பாவைப் பிளீச்சிங் தண்ணீரில் கவிழ்க்கும்போது, வெள்ளை ஊசிகளுக்கு நடுவே இந்த இரண்டு நிறமும் தெரியும். தனித்தனியாக இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வேன்.

அந்தக் காலத்தில் அந்த நோய்க்கு ஏழைக்கு எட்டுகிற மருந்து கிடையாது. காச நோயும் சேர்ந்துகொண்டது. அண்ணனைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பார்க்கப் போனபோது எலும்பும் தோலுமாகக் கிடந்தான். பேச முடியவில்லை. என்னைப் பார்த்ததும் கண்ணால் தம்பியைக் காட்டினான். அவனைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். தலையை ஆட்டினேன். சில நாளில் போய்விட்டான்.

இடுகாட்டில் புதைத்தோம். மூன்றாம் நாள் பால் தெளிக்க நானும் போனேன். எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும், செத்தவனுக்குப் பிடித்ததையெல்லாம் தலைமாட்டில் படைக்க வேண்டும். பீடிக்கட்டு, போண்டா, கறி வறுவல், ஒரு குவார்ட்டர் பிராந்தி. அவற்றோடு தம்பி, நியூஸ் பேப்பரில் சுருட்டிய சின்னப் பொட்டலம் ஒன்றையும் வைத்தான். கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டோம். படைத்ததில் ஆளுக்கு ஒரு வாயாவது எடுத்துக்கொண்டால்தான் போனவன் வயிறு நிறையும் என்பார்கள். போண்டாவைப் பிட்டுக்கொண்டோம். பிராந்தியை மண்ணில் கொஞ்சம் ஊற்றிவிட்டு மற்றவர்கள் குடித்தார்கள். அந்தப் பொட்டலத்தைத் தம்பி எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். புகையிலையாக இருக்கும் என்று நான் நினைத்தேன்.

அடுத்த வாரம் சென்டரில் டப்பாவைக் கவிழ்த்தேன். தண்ணீரில் வெள்ளை ஊசிகள் மிதந்தன. நடுவே ஒரு நீல வளையம். அதையொட்டி ஒரு சிவப்பு வளையம்.

இடுக்கி என் கையிலேயே நின்றுவிட்டது. யாராவது பழசைக் கொண்டுவந்து போட்டிருப்பார்கள் என்று டாக்டரம்மா சொன்னார். இருக்கலாம் என்று நானும் நினைத்துக்கொண்டேன். மறு தடவையும் வந்தது. அதற்கு அடுத்த தடவையும் வந்தது. ஊசி புதுசு, எங்கள் சென்டர் ஊசிதான், போன வாரம் நான் கொடுத்ததுதான். வளையம் மட்டும் அவனுடையது.

நான் பேய் பிசாசு நம்புகிறவன் இல்லை. ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில் வேலை செய்தவன் மகன் நான். ஆனால் அந்த நாட்களில் மதிலோரம் உட்கார்ந்திருக்கும்போது எனக்கு இடது பக்கம் இருமல் கேட்கும். திரும்பினால் ஆள் இருக்காது. கோழிகள் கூண்டில் அடைந்து கிடக்கும். பாய் கூட என் முகத்தைப் பார்த்துவிட்டு, தாயத்து கட்டிக்கோ என்றார். வீட்டிலும் அப்படித்தான். சோறு போட்டுக்கொண்டே உங்கள் அம்மா ஏதாவது பேசுவாள், எனக்கு அவன் கண் தெரியும். தம்பியைப் பார், என்னைப் பார்.

கடைசியில் தம்பியைத் தேடிப் போனேன். சந்தின் கோடியில் சக்கரமெல்லாம் கழற்றின ஒரு பழைய வேன் கிடக்கும். உள்ளே இரண்டு சீட் மட்டும் மிச்சம். ஒரு சீட்டில் அவன் உட்கார்ந்திருந்தான். மற்ற சீட்டைக் காட்டினான். நான் உட்காரப் போனதும், "அதுல வேணாம்ணே, கீழ உக்காரு" என்றான்.

கீழேயே உட்கார்ந்தேன்.

"சிவப்பு யாருது?"

"அவனுதுதான்."

"அவன் போயிட்டான்பா."

"போனா? படைக்கக் கூடாதா?"

பிறகு அவனே சொன்னான். என்னிடம் வாங்குகிற புது ஊசியில் ஒன்றுக்குச் சிவப்பு வளையம் மாட்டி, அண்ணன் பங்கு என்று முதலில் அந்தச் சீட்டில் வைப்பான். ஒரு பீடி குடிக்கிற நேரம் காத்திருப்பான். அப்புறம் அதை எடுத்துத் தனக்குப் போட்டுக்கொள்வான். நீலம் தன் பங்கு. அண்ணன் தின்று மிச்சம் வைப்பதைத் தின்றுதானே பழக்கம் என்றான்.

புது ஊசிதானே, கெடுதல் ஒன்றும் இல்லை என்று எனக்கு மூச்சு வந்தது. அப்புறம்தான் அந்தப் பொட்டலம் ஞாபகம் வந்தது. பால் தெளிக்கும்போது பேப்பரில் சுருட்டி வைத்தாயே, அது என்ன என்று கேட்டேன். அவன் சீட்டின் கிழிசலைக் கிளறிக்கொண்டே இருந்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்றைக்கு அண்ணன் கடைசியாகப் போட்டுக்கொண்ட ஊசி என்றான். டப்பாவில் போடாமல் எடுத்து வைத்திருக்கிறான். அதைத்தான் படைத்திருக்கிறான்.

"அத நீ போட்டுக்கினியா?"

"படைச்சத எடுத்துக்காம வர முடியுமாண்ணே?"

வேனுக்கு வெளியே யாரோ ஒரு கதவுத் தகட்டைச் சம்மட்டியால் அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் நிற்கட்டும் என்று காத்திருந்தேன். அது நிற்கவில்லை. இப்போது அது எங்கே என்று கேட்டேன். சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினான். தினமும் இல்லையாம். அமாவாசைக்கு மட்டும்தானாம். அடுத்த அமாவாசை அந்த வாரமே வந்தது.

அதை டப்பாவில் போட்டுவிடு என்று கெஞ்சினேன். அவன் பிடி கொடுக்கவில்லை. "அவனப் பொதைச்சாச்சு. துணிய ஆத்துல விட்டாச்சு. இத்தையும் உன் பிளீச்சிங் தண்ணில போடணுமா?" என்றான். உன் அண்ணன் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று என்று அந்தப் பேச்சைச் சொன்னேன். "அவன் அப்டித்தான் சொல்லுவான். கடைசிக் கவளம் வரைக்கும் எனக்கு வெச்சவன். இத்த மட்டும் ஏன் வெக்கக்கூடாதுன்னான்?" என்றான். அழவில்லை. ஒரு கணக்கு சரியாக வராதவன் மாதிரி கேட்டான்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து நான் சாப்பிடவில்லை. படைக்காதே என்று சொன்னால் கேட்க மாட்டான். நானே அவன் இடத்தில் இருந்தாலும் கேட்க மாட்டேன். டப்பாவில் போடுவது குப்பையில் போடுவது மாதிரி அவனுக்கு. அப்படியானால் அண்ணனோடு சேர்த்துவிடலாமே என்று எனக்குத் தோன்றியது. காலியான பவுடர் டின் ஒன்று வீட்டில் இருந்தது. உங்கள் அம்மாவிடம் கேட்டு எடுத்துக்கொண்டேன். எதற்கு என்று கேட்டாள், சொன்னேன். அவள் டின்னைக் கழுவித் துடைத்து, மூடியில் ஒரு பொட்டு குங்குமம் வைத்துக் கொடுத்தாள். பையைக் கண்டாலே விலகிப் போகிறவள் அவள்.

வருகிற பழைய ஊசியெல்லாம் சென்டருக்கு வந்து எரிய வேண்டும் என்பது விதி. டாக்டரம்மாவிடம் போய் இந்த ஒன்று வராது என்று சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். ஆழமாப் புதைங்க, யார் காலிலும் ஏறக்கூடாது என்றார்.

அமாவாசை அன்று காலை இடுகாட்டுக்குப் போனோம். வழியெல்லாம், வருவானா திரும்பிப் போய்விடுவானா என்று நான் அவன் நிழலையே பார்த்துக்கொண்டு நடந்தேன். தலைமாட்டில் கடப்பாரையால் முழங்கை ஆழத்துக்குத் தோண்டினேன். டின்னைத் திறந்து நீட்டினேன். சட்டைப் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்தான். பேப்பரைப் பிரித்தான். சிவப்பு வளையம் மங்கிப் போயிருந்தது. குழாய்க்குள் கறுப்பாகக் காய்ந்த கோடு. ஒரு முறை பார்த்தான். தன் கையாலேயே டின்னுக்குள் போட்டான். மூடியை நான் அழுத்தினேன். மண்ணைத் தள்ளி மிதித்தோம். போண்டா வாங்கி வந்திருந்தேன். இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்து தின்றோம்.

ஊசியைப் புதைத்தாகிவிட்டது. ஆனால் அது ஏற்கெனவே அவன் உடம்புக்குள் விட்டுப் போனது என்ன என்று யாருக்குத் தெரியும்? உடனே சோதித்தால் தெரியாது, சில மாதம் போகவேண்டும் என்றார் டாக்டரம்மா. அந்த மாதங்களில் எனக்கு அந்த இருமல் இன்னும் கிட்டத்தில் கேட்டது. பஸ்ஸில் என் பின் சீட்டில் கேட்டது. ஒரு தடவை, சிரிக்காதீர்கள், நம் வீட்டுத் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் கேட்டது. நான் பாத்துக்கினேன்பா, என்னால ஆனத பாத்துக்கினேன் என்று வாய்விட்டுச் சொன்னேன். உங்களில் சின்னவன், அப்பா யார்கூடப் பேசுறீங்க என்று கேட்டான்.

நாள் வந்தது. ரத்தம் கொடுத்தான். முடிவு சொல்கிற அன்று டாக்டரம்மாவின் அறைக்குள் போனான். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வந்தவன் முகம் செத்துப் போயிருந்தது.  பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"இல்லையாம்ணே" என்றான்.

நல்லதுதானே என்று அவன் முதுகைத் தட்டினேன். அவன் தன் கையைத் திருப்பி, ஊசி ஊசியாகக் குத்திக் கறுத்துப் போன நரம்பைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்போ அவன் என்கிட்ட வரவே இல்லையா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அவன் அந்த ஊசியைத் தெரியாமல் போட்டுக்கொள்ளவில்லை.

டாக்டரம்மாவிடம் அதைச் சொன்னேன். அவர் அவனை அடிக்கடி கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார். ஊசியை விடுவதற்கு மாத்திரை வைத்தியம் இருக்கிறது, வா என்றார். வருகிறேன் வருகிறேன் என்று தள்ளிப் போட்டான். ஆனால் சில மாதத்துக்கு ஒரு முறை தானாகவே வந்து ரத்தம் பார்க்கச் சொல்வான். சென்டரில் மற்றவர்களெல்லாம், பாருங்கள் எவ்வளவு பொறுப்பு, இவனைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று அவனை உதாரணம் காட்டினார்கள். அண்ணன் நோய் இந்தத் தடவையாவது தனக்குள் தெரியாதா என்று எதிர்பார்த்துத்தான் அவன் வருகிறான் என்பது டாக்டரம்மாவுக்கும் எனக்கும்தான் தெரியும். ஒவ்வொரு தடவையும் நான் பெஞ்சில் உட்கார்ந்து கதவைப் பார்ப்பேன். அவன் முகம் வாடியிருந்தால் எனக்கு நிம்மதி. இப்படி ஒரு நிம்மதி யாருக்கும் வரவேண்டாம்.

கேட்டதற்கு மேலேயே புது ஊசி கொடுத்தேன். சந்தில் வேறு யாரோடும் பங்கு போடாதே என்று சலிக்காமல் சொன்னேன். உனக்கு வேண்டியது அவன்தானே, ஊரில் இருக்கிறவன் ரத்தமெல்லாம் உன் அண்ணனா என்று ஒரு நாள் கோபத்தில் கேட்டுவிட்டேன். அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். 

அதற்கு அடுத்த தடவை கதவு திறந்தபோது சிரித்துக்கொண்டே வெளியே வந்தான்.

போச்சு, வந்துவிட்டது என்றே நினைத்தேன்.  அவன் நேரே என்னிடம் வந்து, சந்தில் மதிலோரம் அண்ணன் உட்காருவானே, அதே மாதிரி குத்துக்காலிட்டுக் கீழே உட்கார்ந்தான்.

"இன்னிக்கும் இல்லண்ணே" என்றான். சிரிப்பு அடங்கவில்லை, கண் மட்டும் நிறைந்திருந்தது. "வர மாட்டான். எத்தினி தபா கூப்ட்டாலும் வர மாட்டான். பிடிவாதக்காரண்ணே அவன்."

பிறகு எழுந்து உள்ளே போய், மாத்திரை வைத்தியத்துக்கு என்றைக்கு வரவேண்டும் என்று டாக்டரம்மாவிடம் கேட்டான்.